ஒரு பொருளுக்குப் பல சொற்களா?

எங்கள் வகுப்பு மாணவியர் எவருடைய ஆங்கில நோட்டுப் புத்தகத்தையும் பின்பக்கத்திலிருந்து புரட்டிப் பாருங்கள். நீண்ட பட்டியல் ஒன்று காணப்படும். இடப்புறம் ஒரு சொல். நடுவில் கணக்கில் போடுவது போல ஒரு சமக்குறி. வலப்புறம் அதே பொருள் உடையவை என்று மூன்று நான்கு சொற்கள். ‘பிக்’ என்றால் ‘லார்ஜ்’, ‘கிரேட்’, ‘ஹ்யூஜ்’. ‘ஸே’ என்றால் ‘டெல்’, ‘ஸ்பீக்’, ‘டாக்’. ‘ஆஸ்க்’ என்றால் ‘ரிக்வெஸ்ட்’, ‘பெக்’, ‘டிமாண்ட்’. தேர்வுக்கு முந்தின நாள் மாலை, மைதானத்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து, ஜெபமாலை சொல்வது போல ஒருத்தி சொல்ல மற்றவர்கள் பதில் சொல்லி இதை உருப்போடுகிறோம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அந்தச் சமக்குறியைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எங்கள் கருத்தைக் கூற விரும்புகிறோம். கணக்கு வகுப்பில் அது உண்மை பேசுகிறது. ஆங்கில வகுப்பில் அது உண்மை பேசுவதில்லை என்பதே எங்கள் கட்சி.

தமிழை நாங்கள் யாரும் இப்படிப் பட்டியல் போட்டுக் கற்கவில்லை. நீர், தண்ணீர், ஜலம், தீர்த்தம் எல்லாம் ஒன்றுதானே? ஆயினும் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, “கொஞ்சம் தீர்த்தம் ஊற்றுங்கள்” என்று கேட்டால் பரிமாறுகிறவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். கோவில் வாசலில் தொட்டு நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்துகொள்ள வேண்டிய தீர்த்தத்தை யாரும் வெறும் தண்ணீர் என்பதில்லை. தெருநாய் செத்துப்போகும், பக்கத்து வீட்டுத் தாத்தா செத்துப்போகமாட்டார், காலமாவார். நம் வீட்டுப் பாட்டியானால் இறைவனடி சேர்வார். நாலு வயதுக் குழந்தை இதில் தவறினால் அம்மா உடனே அதட்டித் திருத்துகிறார். எந்தச் சொல்லை யாரிடம், எந்த இடத்தில் சொல்லலாம் என்கிற காது எங்களுக்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று எதற்கு? ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது மட்டும் அந்தக் காதை மூடிக்கொள்கிறோமே, அதுதான் வியப்பு.

‘பிக் சிஸ்டர்’ என்றால் அக்காள். சமக்குறியை நம்பி ‘லார்ஜ் சிஸ்டர்’ என்று எழுதினால், உடல் பருத்த சகோதரி என்று ஆகிவிடும். அக்காள் ஒரு வாரம் பேசமாட்டாள். ‘கிரேட்’ என்றால் பெருமை வந்து ஒட்டிக்கொள்ளும். மனிதன் உயரமானால் ‘டால்’, மலை உயரமானால் ‘ஹை’. தமிழில் இரண்டும் உயரந்தான். கதையை ‘டெல்’ செய்ய வேண்டும், ஜெபத்தை ‘ஸே’ செய்ய வேண்டும். இதற்கெல்லாம் காரணம் கேட்டால் ஆங்கிலேயருக்கே சொல்லத் தெரியாது, பழக்கம் என்பார்கள். நாமும் மழை பெய்கிறது என்கிறோம், காற்று பெய்கிறது என்பதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் கூடி விளையாடும் தோழியர் உண்டு. அவர்களைத் தெரிந்துகொள்ளாமல் அச்சொல்லை மட்டும் தனியே இழுத்து வந்து பட்டியலில் நிறுத்தினால் அது எங்களோடு பேசாது.

இவையெல்லாம் சிரிப்போடு போகிற பிழைகள். சிரிப்போடு போகாதவையும் உண்டு.

எங்கள் தோழி ஒருத்தி. அவளுக்குத் தந்தை இல்லை. தாயார் தையல் வேலை செய்து அவளைப் படிக்க வைக்கிறார். ஓர் அலுவலகத்திலிருந்து அத்தாயாருக்கு வர வேண்டிய சிறு தொகை சில மாதங்களாக வரவில்லை. மகள் கான்வென்டில் படிக்கிறாள், ஆங்கிலத்தில் எழுதினால் அலுவலகத்தில் மதிப்பு இருக்கும் என்று தாயார் எண்ணினார். இதை வாசிக்கும் பெற்றோர் பலரும் இப்படித்தான் எண்ணுகிறீர்கள். வங்கிக் கடிதம் வந்தாலும், வீட்டுக்காரருக்குக் கடிதம் போவதானாலும் எங்களைத்தான் கூப்பிடுகிறீர்கள். அவளும் உட்கார்ந்து எழுதினாள். “கேட்டுக்கொள்கிறேன்” என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. அலுவலகத்துக்கு எழுதும்போது ‘ஆஸ்க்’ என்பது மிகவும் சிறிய சொல்லாகத் தோன்றியது. பட்டியலில் அதற்குச் சமம் என்று இருந்தவற்றுள் கம்பீரமான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ‘டிமாண்ட்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

அங்கிருந்த அதிகாரி அதை வாசித்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும், “என்னம்மா, கேட்கிறீர்களா, மிரட்டுகிறீர்களா?” என்றாராம். தாயாருக்கு ஆங்கிலம் தெரியாது. தாம் என்ன குற்றம் செய்தோம் என்றும் தெரியவில்லை. தாளை வாங்கி மடித்துக்கொண்டு திரும்பிவிட்டார். மறுநாள் பள்ளியில் அவள் அழுததை நாங்கள் அனைவரும் பார்த்தோம். அவள் செய்த பிழை என்ன? நோட்டில் இருந்ததை அப்படியே நம்பினாள், அவ்வளவுதான்.

இதைப் பற்றி வகுப்பில் பெரிய வாதமே நடந்தது. வர வேண்டிய பணந்தானே, ‘டிமாண்ட்’ செய்தால் என்ன என்று சிலர் சீறினார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தனக்கு உரிமையானதை, இல்லை என்ற சொல்லை ஏற்கமாட்டேன் என்ற உறுதியோடு கேட்பதுதான் ‘டிமாண்ட்’. தொழிலாளர் சங்கம் அப்படிக் கேட்கலாம். பலமுறை எழுதியும் பதில் வராதபோது யாரும் அப்படிக் கேட்கலாம். முதற்கடிதத்தில் அது கதவைத் தட்டுவதற்குப் பதில் உதைப்பதாகும். ‘ரிக்வெஸ்ட்’ என்றால் மறுக்கும் சுதந்தரத்தையும் எதிரில் இருப்பவருக்கு விட்டுவைக்கிறோம். ‘பெக்’ என்றால் கெஞ்சுகிறோம். பழைய விண்ணப்பங்களில் ‘ஐ பெக் டு ஸ்டேட்’ என்று தொடங்கும் வழக்கம் இருந்தது. உரிமையைக் கேட்கப்போகிறவள் எதற்காகப் பிச்சைக்காரியின் சொல்லோடு தொடங்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆங்கில ஆசிரியை இன்னொன்றையும் சொன்னார்கள். அந்த இடத்தில் மிகப் பொருத்தமான சொல் ‘அப்ளை’ என்பது. அது எங்கள் பட்டியலில் இல்லவே இல்லை! இரண்டாம் கடிதம் அவ்வாறே எழுதப்பட்டது, பெற்றுக்கொள்ளவும்பட்டது.

இந்த ‘டிமாண்ட்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினோம். சுவையான செய்தி கிடைத்தது. 1066-ஆம் ஆண்டில் நார்மண்டியைச் சேர்ந்த வில்லியம் இங்கிலாந்தை வென்று அரசனானான். அதன்பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழியே கோலோச்சியது. வயலிலும் அடுக்களையிலும் பழைய ஆங்கிலம். நீதிமன்றத்தில் வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்ததே 1362-இல்தான். எனவே ஒரே செயலுக்கு வீட்டுச் சொல் ஒன்றும் அரண்மனைச் சொல் ஒன்றும் சேர்ந்துவிட்டன. ‘பிகின்’ வீட்டுச் சொல், ‘கமென்ஸ்’ அரண்மனைச் சொல். ‘ஆன்ஸர்’ வீட்டுக்கு, ‘ரிப்ளை’ சபைக்கு. ‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலம், ‘டிமாண்ட்’ பிரெஞ்சு. பிரெஞ்சு மொழியில் அதற்கு மூலமான சொல்லுக்கு இன்றைக்கும் சாதாரணமாகக் கேட்பது என்றுதான் பொருள்; அதில் ஒரு கடுமையும் இல்லை. ஆங்கிலத்துக்குக் குடிவந்த பிறகுதான் அதற்குக் கோபம் வந்திருக்கிறது. எங்கள் தோழி பாரிஸ் நகரில் எழுதியிருந்தால் தப்பியிருப்பாள் என்று ஒருத்தி சொல்ல, அழுதவளே சிரித்துவிட்டாள்.

பட்டியல் என்றதும், வீட்டில் அலமாரியில் வைத்திருக்கும் ‘தெசாரஸ்’ நூலை நீங்கள் நினைக்கலாம். பரிசாகக் கொடுக்க ஏற்ற தடித்த புத்தகம்! பீட்டர் மார்க் ரோஜெட் என்ற ஆங்கில மருத்துவர், தமது எழுபத்து மூன்றாவது வயதில், 1852-இல் அதை வெளியிட்டார். கருத்துகளை ஆயிரம் தலைப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் கீழும் அதைச் சார்ந்த சொற்களைத் திரட்டி வைத்தார். மகத்தான உழைப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் அவர் எந்தச் சொல்லுக்கும் பொருள் எழுதவில்லை. ஏன்? பொருள் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக அவர் அதைத் தொகுத்தார். நாக்கு நுனியில் நின்றுகொண்டு வரமாட்டேன் என்கிற சொல்லை நினைவூட்டுவதே அதன் வேலை. ஆங்கிலம் கற்கத் தொடங்கும் பெண்ணிடம் அதைக் கொடுப்பது, ஊரையே பார்த்திராத ஒருத்தியிடம் தெருப் பெயர்களை மட்டும் எழுதிக் கொடுத்து, போய் வா என்பது போன்றது.

எங்களைப் போன்றவர்களுக்காகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பெண்மணி என்பது எங்களுக்குப் பெருமை. ஹெஸ்டர் பியோஸி என்ற அந்த அம்மையார் 1741-இல் பிறந்தவர். அகராதி எழுதிப் புகழ் பெற்ற டாக்டர் ஜான்சனுக்கு நெடுநாள் தோழி. முதற் கணவர் இறந்த பின், 1784-இல், இத்தாலி நாட்டு இசையாசிரியரான கபிரியேல் பியோஸி என்ற கத்தோலிக்கரை மணந்தார். அந்நியர், பாடகர், அதிலும் கத்தோலிக்கர் என்று அக்கால ஆங்கிலச் சமூகம் முகம் சுளித்தது. ஜான்சனும் சினந்து நட்பை முறித்துக்கொண்டார். அந்த அம்மையார் 1794-இல், ஒத்த பொருளுடைய ஆங்கிலச் சொற்களை எடுத்துக்கொண்டு, எதை எங்கே சொல்வது என்று விளக்கி இரண்டு பாகங்களில் ஒரு நூல் வெளியிட்டார். அதை ஆங்கிலம் பயிலும் தம் அயல்நாட்டு நண்பர்களுக்கே காணிக்கையாக்கியிருக்கிறார். பேச்சில் எந்தச் சொல்லைத் தேர்வது என்பதே அந்நூலின் நோக்கம். அயலார் ஆங்கிலத்தில் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பதை அயலார் ஒருவரை மணந்த பெண்ணைவிட யார் நன்றாக அறிந்திருக்க முடியும்? ரோஜெட்டின் பெயர் ஊரறிந்தது. பியோஸி அம்மையாரை எங்களில் ஒருத்திக்கும் இதற்கு முன் தெரியாது.

“நம் முன்னோர் நிகண்டை மனப்பாடம் செய்யவில்லையா? அதுவும் பட்டியல்தானே?” என்று பெரியவர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சூடாமணி நிகண்டை நெட்டுருச் செய்தார்கள். நம் வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதியிலும், பொருளகராதி என்ற பகுதியில், ஒரு பொருளுக்கு உரிய பல பெயர்களையும் தொகுத்துத் தந்தார். ஆனால் நிகண்டு ஓதிய பிள்ளை தாய் மடியிலேயே தமிழ் கேட்டவன். எந்தச் சொல்லுக்கு எந்த இடம் என்பதை நிகண்டு அவனுக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. வீரமாமுனிவரோ இத்தாலியிலிருந்து வந்து, இந்நாட்டு மக்களோடு வாழ்ந்து, பேசி, கேட்டு, பிறகு அகராதி எழுதியவர். பட்டியல் பின்னால் வந்தது. எங்களுக்கோ பட்டியல் முன்னால் வந்து நிற்கிறது.

சொல் தேர்வு எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அருட்சகோதரியர் நன்கு அறிந்த ஒரு புனிதரின் வாழ்க்கையிலிருந்தே சான்று காட்டலாம். வில்லியம் டின்டேல் 1526-இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அச்சிட்டு வெளியிட்டார். அதுவரை ‘சாரிட்டி’ என்று வழங்கி வந்த இடத்தில் அவர் ‘லவ்’ என்ற சொல்லை வைத்தார். ‘சர்ச்’ என்பதற்குக் ‘காங்கிரிகேஷன்’ என்றார். இவற்றைக் கடுமையாக எதிர்த்தவர் புனித தாமஸ் மோர். 1529-இல் அவர் எழுதிய நூலில் வாதம் இதுவே: ‘லவ்’ என்று சொன்னால் மக்கள் காதில் நல்லதும் கெட்டதுமான எல்லா ஆசைகளும் ஒலிக்கும், ‘சாரிட்டி’ என்பது ஒழுங்குபட்ட, புண்ணியமான அன்பை மட்டுமே குறிக்கும். இரண்டும் ஒன்றுதானே என்று சமக்குறி போட அவ்விருவரில் ஒருவரும் ஒப்பவில்லை! இருவரும் வெவ்வேறு காரணங்களுக்காகக் கொலைத் தண்டனை பெற்றார்கள்: அரசனைத் திருச்சபையின் தலைவன் என ஏற்க மறுத்ததற்காக மோர் 1535-இல், சமயக் குற்றத்துக்காக டின்டேல் 1536-இல்.

பிறகு நடந்ததுதான் விந்தை. காலம் செல்லச் செல்லச் ‘சாரிட்டி’ என்பது தருமம் கொடுப்பதாகச் சுருங்கிவிட்டது. 1966-இல் வெளிவந்த கத்தோலிக்க ஜெருசலேம் விவிலியத்திலும் புனித பவுல் அன்பைப் பற்றி எழுதிய அதிகாரத்தில் ‘லவ்’ என்றே இருக்கிறது. மோர் தோற்றுவிட்டார் என்று நாங்கள் எண்ணவில்லை. அவர் காலத்துக் காதுக்கு அவர் சொன்னது சரியே. தமிழிலும் இப்படி உண்டு. பழைய ஜெபப் புத்தகத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று இருக்கும். 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று இருக்கிறது. பாட்டி சொல்லும் நம்பிக்கை இரண்டாவது புண்ணியம். எங்கள் நம்பிக்கை முதலாவது. வீட்டில் சேர்ந்து ஜெபிக்கும்போது இதைக் கவனித்திருக்கிறீர்களா?

இனி, பெற்றோருக்கு ஒரு சொல். பெரிய சொல் போட்டால் நல்ல ஆங்கிலம் என்ற எண்ணம் எங்களைவிட உங்களுக்குத்தான் அதிகம். சென்ற ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டியில் பரிசு பெற்ற கட்டுரை ஒன்றில் மாணவி காலையில் எழுந்ததே ‘கமென்ஸ்’ என்று தொடங்கியது. அவள் தோசையைக்கூட ‘கன்ஸ்யூம்’ செய்தாள். கேட்டவர்கள் கைதட்டினார்கள். இங்கிலாந்தில் ஃபௌலர் சகோதரர்கள் 1906-இலேயே, நீண்ட சொல்லைவிடக் குறுகியதையும், இலத்தீன் வழி வந்ததைவிடப் பழைய ஆங்கிலச் சொல்லையும் விரும்பித் தேர்க என்று எழுதிவிட்டார்கள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றச் சொல்லவில்லை. வழக்கறிஞர் ‘கமென்ஸ்’ என்றால் பொருத்தமாகத்தான் இருக்கும். தோசைக்கு ‘ஈட்’ போதும்.

மனிதரைப் பற்றிய சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். மெலிந்த பெண்ணை ‘ஸ்லிம்’ என்றால் மகிழ்வாள், ‘தின்’ என்றால் பேசாமல் இருப்பாள், ‘ஸ்கின்னி’ என்றால் அன்று மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கமாட்டாள். எடை ஒன்றேதான். ‘சைல்டிஷ்’ என்பது வசவு. ‘சைல்ட்லைக்’ என்பது புகழ்ச்சி. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவை இரண்டாவது சொல்லால் மட்டுமே குறிக்கலாம். எங்கள் வகுப்பைச் சிலர் முதற்சொல்லால் குறிக்கிறார்கள் என்று கேள்வி! ‘அலோன்’, ‘லோன்லி’ இரண்டும் தனிமைதான் என்கிறது பட்டியல். மாலை வேளையில் சிற்றாலயத்தில் தனியே முழந்தாளிட்டிருக்கும் சகோதரி ‘அலோன்’. அவரை ‘லோன்லி’ என்று யாரும் சொல்ல முடியாது. புதிதாக வந்து சேர்ந்த ஆறாம் வகுப்புச் சிறுமி முந்நூறு பேர் நடுவில் நின்றுகொண்டு ‘லோன்லி’யாக இருக்கிறாள்.

ஒன்றில் மட்டும் எங்கள் ஆசிரியையோடு எங்களுக்கு முழு உடன்பாடு இல்லை. விடுமுறைக் கடிதத்தில் தாத்தா ‘எக்ஸ்பயர்ட்’ என்று எழுதக் கூடாது, பயணச்சீட்டும் மருந்தும்தான் அப்படிக் காலாவதியாகும், மனிதர் ‘டைட்’ என்றோ ‘பாஸ்ட் அவே’ என்றோ எழுதுக என்கிறார்கள். அகராதியிலோ இறத்தல் என்ற பொருளும் ‘எக்ஸ்பயர்’ என்பதற்கு இருக்கிறது. நம் நாட்டில் மரண அறிவிப்புகளிலும் தந்திகளிலும் அச்சொல் மரியாதையாகவே வழங்கி வந்திருக்கிறது. தந்திச் சேவை 2013-இல் நின்றுபோனாலும் சொல் நிற்கவில்லை. ‘டைட்’ என்று எழுத எங்கள் வீட்டார் கூசுகிறார்கள். அந்தக் கூச்சம் தமிழிலிருந்து வந்தது. அது கெட்ட கூச்சம் அன்று. அயல்நாட்டாருக்கு எழுதும்போது ஆசிரியை சொல்வதைக் கேட்போம். நம் ஊரில் நம் தாத்தா நம் சொல்லால் போகட்டும்.

சகோதரியரிடம் எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒத்த சொல் தருக என்ற கேள்வி பொதுத்தேர்வில் இருந்தால் இருக்கட்டும். அதை மாற்றுவது நம் கையில் இல்லை. பள்ளித் தேர்வுகளில் மட்டுமாவது, இரண்டு சொற்களைக் கொடுத்து, ஒன்று பொருந்தி மற்றொன்று பொருந்தாத வாக்கியம் ஒன்றை எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண் குறைந்தாலும் நாங்கள் முணுமுணுக்கமாட்டோம். சிறிது முணுமுணுப்போம். ஆரம்பப் பள்ளியிலிருந்தே ஆங்கிலம் பேசி வருகிறவர்களும், ஆறாம் வகுப்பில் தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவர்களும் ஒரே பெஞ்சில் இருக்கும் வகுப்பு எங்களுடையது. பட்டியலை உருப்போடுவதில் முந்தியவர்களே எப்போதும் வெல்கிறார்கள். வாக்கியம் என்று வந்தால் நிலைமை மாறுகிறது. தமிழ்க் காது கூர்மையாக உள்ளவள் ‘இதை யார் யாரிடம் சொல்வார்கள்?’ என்று சட்டெனக் கேட்டுவிடுகிறாள்.

இதை நாங்களே தொடங்கிவிட்டோம். வெள்ளிக்கிழமைதோறும் கரும்பலகையின் ஓரத்தில் இரண்டு சொற்கள் எழுதப்படும். திங்கட்கிழமைக்குள் ஒவ்வொருத்தியும் ஒரு வாக்கியம் கொண்டுவர வேண்டும். ‘ஹியர்’, ‘லிஸன்’ எளிதில் முடிந்தது: மணியோசை காதில் விழுகிறது, பாடத்தைக் காது கொடுத்துக் கேட்கிறோம். சென்ற வாரம் ‘ஹவுஸ்’, ‘ஹோம்’. செங்கல்லும் சுண்ணாம்பும் ‘ஹவுஸ்’, உள்ளே இருக்கும் மனிதர்கள் ‘ஹோம்’ என்று எல்லோரும் எழுதி வந்தார்கள். விடுதி மாணவியர் இருவர் மட்டும் ஒத்துப்போகவில்லை. நாலு ஆண்டுகளாக விடுதியில் இருக்கிற நாங்கள், மாலையில் பள்ளி விட்டதும் ‘ஹோம்’ போகிறோம் என்று சொல்லலாமா, கூடாதா என்று ஒருத்தி கேட்டாள். சொல்லலாம் என்றாள் மற்றவள். சொல்ல வாய் வரவில்லை என்றாள் இவள். இரண்டு சொற்களும் இன்னும் அழிக்கப்படாமல் கரும்பலகையில் இருக்கின்றன.